அச்சமும் எச்சமும்: திகில் திரைப்படங்களில் கைவினையும் கணினி வரைகலையும்

திகில் திரைப்படங்களைப் பற்றி மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு கருத்துத் தவறாமல் எழுகிறது. ரப்பராலும் களிமண்ணாலும் உருவங்களைச் செய்து எடுத்த பழைய படங்கள் நம்மை உண்மையாகவே அஞ்சச் செய்தன. கணினியால் வரைந்த உருவங்கள் நிறைந்த இக்காலப் படங்கள் அவ்வாறு அஞ்சச் செய்வதில்லை என்பதே அக்கருத்து. ஆசிரியர் பலரும் இதனை ஏற்றுத் தலையசைப்பர். இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அச்சம் குறைந்ததற்குக் கணினியே காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், அச்சம் எங்கே பிறக்கிறது என்னும் வினாவைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

மொழியியல் பயின்றோர்க்குத் திகில் படத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாததை மனிதர் எவ்வாறு உணர்கின்றனர் என்பது மொழியியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. திகில் படம் அந்த வினாவின்மேல் எழுந்து நிற்கும் கலை. ஆகவே, கைவினை, கணினி வரைகலை ஆகிய இரண்டையும் கதை சொல்லும் முறையோடு சேர்த்து இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அச்சத்தின் இலக்கணம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கூறுகிறது. அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினை அது வகுக்கிறது. அணங்கு என்பது மனித அறிவுக்கு அப்பாற்பட்டு நம்மை வருத்தும் ஆற்றல். இறை என்பதை நம்மேல் அதிகாரம் உடையவர் என்று பொருள் கொள்ளலாம். உலகத் திகில் படங்களை எடுத்துக்கொண்டால் அவற்றுள் பெரும்பாலானவை இந்நான்கனுள் ஒன்றிலோ பலவற்றிலோ அடங்குவதைக் காணலாம்.

மெய்ப்பாடு தோன்றும் முறையை உரையாசிரியர்கள் படிப்படியாகப் பிரித்து விளக்கினர். புலி ஒன்றைக் காண்கிறோம் என்று கொள்வோம். புலி என்பது பொருள். அதனைக் கண் காண்பது பொறியுணர்வு. உள்ளம் நடுங்குவது குறிப்பு. உடல் வியர்த்து மயிர் சிலிர்ப்பது மெய்யில் தோன்றும் வேறுபாடு. இப்பகுப்பு நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுகிறது. ரப்பரா கணினியா என்னும் வழக்கு முதற்படியாகிய பொருளைப் பற்றியது மட்டுமே. அச்சமோ மூன்றாம் படியாகிய உள்ளத்தில் நிகழ்வது.

உள்ளத்தில் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு இலக்கணத்திலிருந்தே மற்றொரு கருத்தைப் பெறலாம். தொல்காப்பியத்தின் எச்சவியல் பத்து வகை எச்சங்களைத் தொகுத்துக் கூறுகிறது. அவற்றுள் குறிப்பெச்சமும் ஒன்று. சொல்லில் வெளிப்படாமல் எஞ்சி நிற்கும் பொருளைக் கேட்போர் குறிப்பால் உணர்ந்து நிரப்பிக்கொள்வர். குறும்பு செய்த பிள்ளையிடம் தாய், “வீட்டுக்கு வா, அப்போது தெரியும்” என்கிறார். என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை பிள்ளை தானே பலவற்றை எண்ணி அஞ்சுகிறது. “வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் தொலைக்காட்சி கிடையாது” என்று தாய் முழுமையாகச் சொல்லியிருந்தால், அச்சத்தின் பெரும்பகுதி அப்போதே நீங்கியிருக்கும். இந்த எச்சத்தைத் திகில் படம் எவ்வாறு கையாளுகிறது என்பதை இனிக் காண்போம்.

இருவகை உத்திகள்

படப்பிடிப்பின்போதே கேமராவின் முன் உண்மையாக நிகழ்த்திக் காட்டும் உத்திகளை இங்குக் கைவினை உத்திகள் என்கிறோம். ஒப்பனை, முகமூடி, இயந்திர பொம்மை, செயற்கைக் குருதி முதலியன இதில் அடங்கும். கோர உருவம் ஒன்றைச் செய்யும் கலைஞர், முதலில் அதனைக் களிமண்ணில் வடிக்கிறார். அதன்மேல் அச்சு எடுத்து, நுரை ரப்பரை வார்த்துச் சூளையில் வேகவைத்து, வண்ணம் தீட்டுகிறார். உள்ளே கம்பிகளும் காற்றுப் பைகளும் பொருத்தப்படுகின்றன. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் அமர்ந்தவர்கள் கம்பிகளை இழுக்க, உருவம் அசைகிறது. 1981இல் வெளிவந்த ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தில் மனிதன் ஓநாயாக மாறும் காட்சியை ரிக் பேக்கர் இத்தகைய உத்திகளால் அமைத்தார். அதற்காக அவர் பெற்ற ஆஸ்கர் விருதே, சிறந்த ஒப்பனைக்கென ஆண்டுதோறும் வழங்கும் பிரிவில் முதலாவது விருதாகும்.

கணினி வரைகலையில் உருவம் படப்பிடிப்புக்குப் பின்னர்ப் பிறக்கிறது. கலைஞர்கள் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் அமைத்து, அதற்கு எலும்புக்கூடு போன்ற இயக்க அமைப்பைப் பொருத்துகின்றனர். தோலின் தன்மையைத் தீட்டி, ஒளி எங்கிருந்து எவ்வளவு விழவேண்டும் என்று கணக்கிட்டு, இறுதியில் அவ்வுருவத்தை ஏற்கெனவே எடுத்த காட்சியோடு இணைக்கின்றனர். படப்பிடிப்பின்போது நடிகர் பெரும்பாலும் ஒரு கோலின் நுனியில் வைத்த பந்தையோ வெறும் சுவரையோ பார்த்து அஞ்ச வேண்டியிருக்கிறது.

இவ்வேறுபாட்டால் விளைவன மூன்று. முதலாவது, கைவினை உருவத்தின்மேல் விழும் ஒளியும் நடிகர்மேல் விழும் ஒளியும் ஒன்றே. கணினியிலோ அவ்வொருமையைப் பின்னர் உழைத்துப் பெறவேண்டும். இரண்டாவது, கைவினை உருவத்துக்கு எடை உண்டு. அது தரையில் விழுந்தால் தரை அதிர்கிறது. மூன்றாவது, நடிகரின் மெய்ப்பாடு. ‘ஏலியன்’ படத்தில் ஒருவரின் மார்பைப் பிளந்து சிற்றுயிர் வெளிவரும் காட்சி உண்டு. உயிர் வெளிவரும் என்பதை உடன் நடித்தோர் அறிந்திருந்தனர். குருதி அவ்வளவு பீறிட்டுத் தம்மேல் தெறிக்கும் என்பதை அறிந்திருக்கவில்லை. அவர்கள் முகத்தில் நாம் காணும் திடுக்கீட்டில் நடிப்பல்லாத பகுதியும் உண்டு. பொருளை மட்டுமன்றி, அப்பொருளைக் கண்டு அஞ்சுவோரின் மெய்யையும் பார்த்துத்தான் நாம் அஞ்சுகிறோம்.

ஒரே கதை, இரண்டு படங்கள்

கைவினையையும் கணினியையும் ஒப்பிட ஏற்ற சான்று ‘தி திங்’ என்னும் தலைப்பில் 1982இலும் 2011இலும் வெளிவந்த இரு படங்கள். ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938இல் எழுதிய குறுநாவலே இவற்றின் மூலம். அண்டார்டிகாவின் பனியில் புதைந்திருந்த வேற்றுலக உயிர் ஒன்று மீண்டெழுகிறது. அது தான் தீண்டும் உயிரைத் தன்னுள் உட்கொண்டு, அவ்வுயிரின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. உடனிருப்போருள் எவர் மனிதர், எவர் அந்த உயிர் என்பதை எவரும் அறியார். தொல்காப்பியர் கூறிய அணங்கும் கள்வரும் இங்கு ஒன்றாகிவிடுகின்றனர்.

1982ஆம் ஆண்டுப் படத்தை ஜான் கார்ப்பென்டர் இயக்கினார். அதன் உருவங்களைப் படைத்த ராப் பாட்டின் அப்போது இருபது வயதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ஓய்வின்றி உழைத்துக் களைத்த அவர், பணி முடிந்ததும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாய்க் கொட்டில் காட்சிக்குரிய உருவத்தை ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் அமைத்துக் கொடுத்தனர். இப்படம் உருவங்களை மறைத்து வைக்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவர் ஒருவர் நோயாளியின் மார்பில் கை வைத்து அழுத்தும்போது அம்மார்பே வாயாகத் திறந்து அவர் கைகளைக் கடித்துத் துண்டிப்பதை வெளிச்சத்திலேயே காட்டுகிறது.

அவ்வாறாயின் இதில் எச்சம் எங்கே? உருவத்தை மறைக்காத இப்படம் செய்தியை மறைக்கிறது. எவர் எப்போது உட்கொள்ளப்பட்டார் என்பதைப் படம் சொல்வதில்லை. குருதிச் சோதனைக் காட்சி இதற்குச் சிறந்த சான்று. நாயகன் உடனிருப்போரைக் கட்டிவைத்து, ஒவ்வொருவரின் குருதியையும் சிறு கண்ணாடித் தட்டுகளில் எடுக்கிறான். பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் வைத்தால், மனிதக் குருதி சீறி அடங்கும். வேற்றுயிரின் குருதியோ தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு என ஒவ்வொன்றாகக் கம்பி இறங்கும்போது நாம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அப்போது திரையில் இருப்பவை கம்பி, தட்டு, மனித முகங்கள் ஆகியவையே. குருதி துள்ளிய பின்னர் வரும் கோர உருவம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது; அதற்கு முந்தைய காத்திருப்பே நம்மை அஞ்சச் செய்கிறது. படத்தின் இறுதியில், எரியும் முகாமின் நடுவே இருவர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் எவரேனும் அந்த உயிரா என்பது சொல்லப்படாமலே படம் முடிகிறது.

வெளிவந்தபோது இப்படம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. இரு வாரங்களுக்கு முன்னர்தான் அன்பான வேற்றுலக உயிரைக் காட்டிய ‘ஈ.டி.’ வெளிவந்திருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லவே ‘தி திங்’ திகில் படங்களுள் உயர்ந்த ஒன்றாகப் போற்றப்படலாயிற்று.

2011ஆம் ஆண்டுப் படம் அதற்கு முன் நிகழ்ந்த கதையைச் சொல்கிறது. இதற்கும் அலெக் கில்லிஸ், டாம் வுட்ரஃப் ஆகியோரின் குழு கையாலேயே உருவங்களைச் செய்து கொடுத்தது. அவை படப்பிடிப்பிலும் பயன்பட்டன. எனினும், படம் வெளிவருமுன் அவற்றுள் பெரும்பகுதி கணினி வரைகலையால் மூடப்பட்டது. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த உருவங்கள் திரையில் தோன்றாமற் போயின. அக்குழு தன் உருவங்களின் ஒளிப்படங்களையும் காணொளிகளையும் பின்னர் வெளியிட்டபோது, ‘இவற்றை ஏன் மறைத்தனர்?’ என்று திகில் பட ஆர்வலர் பலர் கேட்டனர்.

இவ்விடத்தில் முடித்துக்கொண்டால், மாணவர்கள் கூறும் கருத்தே வென்றதாகிவிடும். கதை இதனோடு முடியவில்லை. அவ்வரவேற்பால் ஊக்கம் பெற்ற கில்லிஸ், கணினி உருவங்களைத் தவிர்த்துக் கைவினையாலேயே ஒரு படம் எடுக்க முனைந்தார். பொதுமக்கள் இணையவழி 380,000 அமெரிக்க டாலருக்கு மேல் நிதி வழங்கினர். பெரிங் கடலில் நண்டு பிடிக்கச் சென்ற கப்பலில் நிகழும் ‘ஹார்பிஞ்சர் டவுன்’ என்னும் அப்படம் 2015இல் வெளிவந்தது. உருவங்களைப் பாராட்டியோர் இருந்தனர். ஆயினும் கதையும் பாத்திரங்களும் வலுவற்றவை என்று விமர்சகர் பலர் குறை கூறினர். 1982ஆம் ஆண்டுப் படம் பெற்ற இடத்தை அது பெறவில்லை. ரப்பர் தன்னளவில் அச்சத்தைத் தந்துவிடாது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உருவத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நம் உள்ளம் எதை எண்ணுகிறது என்பதைக் கதைதான் அமைத்துத் தரவேண்டும்.

இயலாமை கற்பித்த பாடம்

பழைய படங்கள் நம்மை மிகுதியும் அஞ்சச் செய்ததற்கு வேறொரு காரணம் உண்டு. கைவினை உத்திகளால் செய்ய இயலாதவை பல. அவ்வியலாமை இயக்குநரை எச்சத்தின்பால் செலுத்தியது.

1942இல் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’ குறைந்த செலவில் எடுத்த படம். தயாரித்தவர் வால் லூட்டன். இயக்கியவர் ஜாக் தூர்னர். இருண்ட நீச்சல் குளத்தில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். நீரின் ஒளி சுவர்களில் அலைகிறது, ஒரு நிழல் நகர்கிறது, உறுமல் கேட்கிறது. சிறுத்தை அங்கு உண்மையாகவே இருக்கிறதா என்பதை நாமே முடிவு செய்கிறோம்.

1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது. 55 நாள்களில் முடியவேண்டிய படப்பிடிப்பு 159 நாள்களாக நீண்டது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்ட இயலாத இடங்களில் அதன் அடையாளங்களைக் காட்டினார். சுறாவின் உடலில் ஈட்டியோடு கட்டிய மஞ்சள் பீப்பாய் நீரின்மேல் விரைகிறது. ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுரங்கள் அணுகி வருகின்றன. படம் தொடங்கி ஏறத்தாழ 80 நிமிடங்கள் கழித்தே நாம் சுறாவைத் தெளிவாகக் காண்கிறோம். அதற்குள் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் ஒரு சுறாவை வளர்த்துவிட்டனர்.

நம் வட்டாரக் கதைமரபும் இதனை நன்கு அறியும். சிங்கப்பூரில் இயங்கிய கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957இல் ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் அதனை இயக்க, மரியா மெனாடோ நடித்தார். அதன் வெற்றியைத் தொடர்ந்து பல பொந்தியானாக் படங்கள் இங்கு உருவாயின. அப்படங்களுக்கு முன்னரே வாய்மொழியாக வழங்கிய பொந்தியானாக் கதைகளை நினைத்துப் பாருங்கள். இரவில் திடீரென மலர் மணம் வீசும். எங்கோ குழந்தை அழும். அழுகுரல் உரக்கக் கேட்டால் அவள் தொலைவில் இருக்கிறாள். மெல்லக் கேட்டால் அருகில் வந்துவிட்டாள் என்பர். உருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், மணத்தையும் ஒலியையும் மட்டும் கொண்டு அக்கதை கேட்போரை நடுங்கச் செய்கிறது. அதிலும், ஒலி குறையக் குறைய அச்சம் மிகுகிறது.

கணினி வரைகலை இந்த இயலாமையைப் பெரிதும் நீக்கிவிட்டது. எதனையும் காட்டலாம், எத்தனை முறையும் காட்டலாம் என்ற நிலை வந்தது. ‘இதைக் காட்டத்தான் வேண்டுமா?’ என்று முன்னர்ச் சூழ்நிலை கேட்ட கேள்வியை இனிப் படைப்பாளரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலர் கேட்பதில்லை. அக்குறைக்குக் கணினிக் கலைஞர்களைப் பழிப்பது முறையன்று. காட்டச் சொன்னதை அவர்கள் காட்டுகின்றனர்.

கணினியால் அழித்துக் காட்டிய அச்சம்

அக்கேள்வியைக் கேட்டவர்களும் உண்டு. லீ வானெல் இயக்கி 2020இல் வெளிவந்த ‘தி இன்விசிபிள் மேன்’ அதற்குச் சான்று. கொடுமைக்காரத் துணைவனிடமிருந்து ஒரு பெண் தப்பி வருகிறாள். அவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால், கண்ணுக்குப் புலப்படாமல் அவன் தன்னோடு அதே வீட்டில் இருப்பதாக அவள் உணர்கிறாள். பிறர் நம்ப மறுக்கின்றனர். தொல்காப்பியர் கூறிய நான்கனுள், நம்மேல் அதிகாரம் செலுத்துவோரிடத்துப் பிறக்கும் அச்சம் இது.

படத்தில் கேமரா சில வேளைகளில் நாயகியை விட்டு விலகி, அறையின் வெறும் மூலையை நோக்கித் திரும்பி நிற்கிறது. அங்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அவ்விடத்தை நாம் உற்று நோக்குகிறோம். போராட்டக் காட்சிகளில் பச்சை உடை அணிந்த சண்டைக் கலைஞர் ஒருவர் நடிகை எலிசபெத் மோஸுடன் உண்மையாகவே மோதினார். பின்னர்க் கணினி அவரைக் காட்சியிலிருந்து நீக்கியது. நடிகைக்கு எதிரே ஓர் உடல் இருந்தது. அவ்வுடலின் எடையும் விசையும் அவர் மெய்யில் தெரிகின்றன. நமக்கோ வெறுமையே தெரிகிறது. கைவினை இங்கு மெய்ப்பாட்டைத் தந்தது. கணினி எச்சத்தைத் தந்தது. உருவத்தைச் சேர்க்கும் கருவியை உருவத்தை நீக்கப் பயன்படுத்திய இப்படம், இரண்டும் பகையல்ல என்பதைக் காட்டுகிறது.

வகுப்பறைக்குரிய பயன்

ஆசிரியர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. மாணவர் எழுதும் திகில் கதைகளில், “சிவந்த கண்களும் கூரிய பற்களும் நீண்ட நகங்களும் கொண்ட கொடூரமான பேய் நின்றது” என்பது போன்ற தொடர்கள் மிகுதி. அடைமொழிகளை அடுக்கி உருவத்தை முழுமையாகத் தந்துவிட்டால் படிப்போர்க்கு நிரப்ப ஒன்றும் எஞ்சுவதில்லை. அத்தொடரை நீக்கிவிட்டு, பேயைக் காட்டாமல் அதன் வருகையை மட்டும் உணர்த்துமாறு பணிக்கலாம். “பாட்டி கதவைத் திறந்தார். வாசலில் யாரும் இல்லை. நாய் மட்டும் வாலை ஒடுக்கிக்கொண்டு பாட்டியின் பின்னால் ஒளிந்தது” என்று ஒரு மாணவர் எழுதக்கூடும். பொருள் மறைந்து, நாயின் மெய்ப்பாடு மட்டும் நிற்கிறது. குறிப்பெச்சம் என்றால் என்ன என்பதை அவர் அப்போது தம் சொந்தத் தொடரிலேயே கண்டுகொள்வார்.

இப்பயிற்சி இன்று முன்னைவிட இன்றியமையாதது. சில சொற்களைத் தட்டச்சு செய்தால் கோர உருவம் ஒன்றை நொடியில் வரைந்து தரும் செயலிகள் மாணவர் கையில் உள்ளன. எண்ணிப் பார்க்குமுன்னே படம் கண்முன் நின்றுவிடுகிறது. சொல்லாததை உணரும் ஆற்றல் பழகினால்தான் வளரும். உள்ளுறையும் இறைச்சியும் நிறைந்த நம் அகப்பாடல்களைப் படிக்க அவ்வாற்றலே வேண்டும். நல்ல திகில் படம் ஒன்றைக் கூர்ந்து பார்க்கும் மாணவர் அதே ஆற்றலைத்தான் பழகுகிறார்.

ஆகவே, மாணவர் ஒருவர் இனி “பழைய படந்தான் பயமாக இருந்தது” என்று கூறினால், அவரை மறுக்கவேண்டா. அவர் அஞ்சிய நொடியில் திரையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கதவோ, வெறும் நீரோ, காய்ச்சிய கம்பியோதான் இருந்திருக்கும். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.